இரு பெருங்கட்சிகளிடையே சிறு கட்சி

இரு பெருங்கட்சிகளிடையே நிற்கும் சிறு கட்சிக்கு எதிர்காலம் உண்டோ எனும் வினாவிற்கு இலங்கைத் தேர்தல் வரலாறு தக்க விடை தருகின்றது.

தொகுதிக்கு ஒருவர் எனும் பழைய முறையிற் சிதறிய வாக்குகள் வீணாயின. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியது; 1988இல் வெட்டுப்புள்ளியும் 5 சதவீதமாகக் குறைந்தது. இதனாற் சிறு கட்சிகளுக்கு வாயில் திறந்தது. எனினும், அவை புகுதல் வேறு; அவையில் வலிமை பெறுதல் வேறு.

1994இல் 225 ஆசனங்களுள் பொதுசன ஐக்கிய முன்னணி 105ஐயே பெற்றது. எம். எச். எம். அஷ்ரப் தலைமையிலான சிறீ லங்கா முஸ்லிம் காங்கிரசின் எழுவரும், நுவரெலியாச் சுயேச்சைக் குழுவின் ஒருவரும் சேர்ந்தமையாலேயே 113 எனும் பெரும்பான்மை அமைந்தது.

புத்தளமோ பிறிதொரு பாடம் புகட்டுகின்றது. 2015இல் அம்மாவட்டத்தின் 8 ஆசனங்களையும் இரு பெரும் அணிகளே பகிர்ந்துகொண்டன. 2020இல் முஸ்லிம் தேசியக் கூட்டமைப்புத் தராசுச் சின்னத்திற் போட்டியிட்டு, 55,981 வாக்குகளும் ஓர் ஆசனமும் எய்திற்று. ஆயின், நாடளாவிய நிலையில் வென்ற கட்சி 145 ஆசனங்களைப் பெற்றிருந்தமையின், அவ்வோர் ஆசனம் எத்தட்டையும் தாழ்த்த இயலவில்லை. 2024இல் எட்டு ஆசனங்களும் மீண்டும் இரு அணிகளுக்கே சென்றன.

ஆகவே, வாக்குகள் ஒன்றுபடின் ஆசனம் கிட்டும். பெருங்கட்சிகள் சமநிலையில் நிற்பின் அவ்வாசனம் வலிமை பெறும். முன்னது சிறு கட்சியின் முயற்சியால் ஆவது. பின்னது அதன் கையில் இல்லாதது. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அருகருகே வாழும் கற்பிட்டி, சிலாபக் கரையோரத்தில், ஓரினத்தின் வாக்கை மட்டும் நம்பாது, அயலவர் நம்பிக்கையையும் ஈட்டும் கட்சியே நிலைபெறும்.