பாடம் மாறினால் உரைநூல் பிழைக்குமா?

சர்க்கார் பாடபுஸ்தகத்தை மாற்றினால் பெற்றோருக்குக் கவலை, பிள்ளைகளுக்குப் புதுமை. அந்தப் புஸ்தகத்தை நம்பி ‘கைடு’ அச்சிட்டு ஜீவிக்கும் சிறு பிரசுரகர்த்தரின் பாடு என்ன?

2011-ம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். சமச்சீர்க் கல்வி முந்திய ஆண்டே முதல் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் வந்துவிட்டது. ஏனைய வகுப்புகளுக்கு வரவேண்டிய சமயத்தில், புதிதாகப் பதவியேற்ற சர்க்கார் அதை நிறுத்தி வைத்தது. வழக்கு சென்னை ஹைகோர்ட்டைக் கடந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பத்து நாளில் அமுலாக்குக என்ற தீர்ப்பு, ஆகஸ்டு 9-ந் தேதிதான் வந்தது. அதுவரை எந்தப் பாடத்துக்கு உரை எழுதுவது? பெரிய கம்பெனி ஒரு பருவத்து நஷ்டத்தைத் தாங்கும். கடனுக்குக் காகிதம் வாங்கியவர் தாங்குவாரா? 2018-ல் 1, 6, 9, 11-ம் வகுப்புகளுக்கு மறுபடியும் புதுப் பாடம்! பழைய பிரதிகளுக்கு எடைக்கடையே கதி.

அவசரமாக அச்சிட்டாலோ பிழை மலிகிறது; அப்பிழையைப் பரீட்சையில் எழுதுவது நம் குழந்தை. ஆகவே, விவேகமுள்ள பிரசுரகர்த்தர் குறைந்த பிரதிகளையே முதலில் அச்சிடுவார். பாடம் மாறினாலும் மாறாத இலக்கணத்துக்கும் கணக்குக்கும் முதலிடம் தருவார். புணர்ச்சி விதியும் பின்னக் கணக்கும் எந்தப் பதிப்பிலும் ஒன்றே அல்லவா?

திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரைக் கடைவீதிக்குக் கைடு தேடி வரும் பெற்றோருக்கு, உபாத்தியாயர்களாகிய நாம் சொல்வது இதுதான்: பதிப்பாண்டைப் பாருங்கள், பிறகு உள்ளே ஒரு பக்கம் படியுங்கள். விடையை மட்டும் தரும் உரை பாடத்தோடு மடியும்; வழியைக் கற்பிக்கும் உரை பாடம் மாறினாலும் நிற்கும். அத்தகையதை வாங்கினால் குழந்தையும் பிழைக்கும், சிறு பிரசுரகர்த்தரும் பிழைப்பார்.