ஒளிப்பெட்டிப் பெயர்ப்பலகைக்கு எந்த முகப்பு?

1879ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் கல்கத்தா நகரில் மின்விளக்கு பொதுமக்களுக்குச் செய்து காட்டப்பட்டது. அன்று வியந்து பார்க்கப்பட்ட அந்த ஒளி, இன்று கொல்கத்தாவின் ஒவ்வொரு கடைத்தெருவிலும் பெயர்ப்பலகையாக நின்று வழிகாட்டுகிறது. வங்கி, மருந்துக்கடை, மருத்துவமனை ஆகியவற்றின் முன்னே உள்ளிருந்து ஒளிரும் பெரிய பெட்டிகளை நாம் காண்கிறோம். இவற்றின் முகப்பைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, “எது நன்றாக ஒளிரும்?” என்பதே. ஆனால் கொல்கத்தாவைப் போன்ற ஊரில் முதலில் கேட்கவேண்டியது, “எது புயற்காற்றில் தன் இடத்தை விட்டு நகராது?” என்பதாகும்.

காற்றின் அழுத்தம்

சித்திரை, வைகாசி மாதங்களில் வங்காளத்தில் பிற்பகல் வேளையில் திடீரென எழும் இடிமழைக் காற்றை ‘கால்பைசாகி’ என்பர். அதனினும் கொடியவை வங்கக் கடலின் புயல்கள். 2020 மே 20ஆம் நாள் ‘அம்பன்’ புயல் தாக்கியபோது டம் டம் பகுதியில் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டரை எட்டியது.

கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் 875, மூன்றாம் பகுதியில், கொல்கத்தாவுக்குரிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர் எனக் குறிக்கப்பட்டுள்ளது. வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என அழுத்தம் கிடைக்கும். 50 மீட்டர் வேகத்திற்கு இது 1,500 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 150 கிலோகிராம் எடை. 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள பலகையின் மீது இக்கணக்கின்படி விழும் விசை 1,800 கிலோகிராம் எடைக்குச் சமம். உயரம், சுற்றுப்புறம் ஆகியவற்றுக்கேற்பப் பொறியாளர் இதனைத் திருத்திக்கொள்வார். காற்று உள்நோக்கித் தள்ளுவதோடு நில்லாது, சில வேளைகளில் முகப்பை வெளிநோக்கி இழுக்கவும் செய்யும் என்பதையும் மறத்தலாகாது.

2024 மே 13ஆம் நாள் மும்பையின் காட்கோபர் பகுதியில் ஒரு மாபெரும் விளம்பரப் பலகை புழுதிக்காற்றில் சாய்ந்து 17 பேர் மாண்டனர். அங்கு வீழ்ந்தது முழு அமைப்புமே எனினும், காற்றைக் கணக்கில் கொள்ளாத பலகை எத்தகைய அபாயம் என்பதற்கு அது போதிய சான்றாகும்.

நான்கு பொருள்கள்

கண்ணாடி: விறைப்பு மிக்கது, வெயிலால் மஞ்சளிக்காது. ஆயினும் 6 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோகிராம் எடையுள்ளது. மேற்சொன்ன பலகைக்கு 180 கிலோகிராம் ஆகிவிடும். உடைந்தால் நடைபாதையில் செல்வோர்க்கு ஆபத்து. எனவே உயரத்தில் அமையும் பெரிய பலகைக்கு இது பொருந்தாது.

அக்ரிலிக்: எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு, பல ஆண்டு வெயிலைத் தாங்கி நிறம் மாறாதிருப்பது இதன் சிறப்பு. ஆனால் பலத்த அடி பட்டால் விரிசல் காணும், எளிதில் தீப்பற்றும்.

பாலிகார்பனேட்: 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. எனினும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் மேற்பூச்சு இல்லையேல் சில ஆண்டுகளில் மஞ்சளித்துவிடும். பூச்சுள்ள பக்கம் வெளியே பார்க்குமாறு பொருத்துதல் இன்றியமையாதது.

ஃபிளெக்ஸ் துணி: பாலியெஸ்டர் நூலாடையின் மீது பி.வி.சி. பூசப்பெற்றது. அகலமான சுருள்களாகக் கிடைப்பதால் 2 மீட்டர் உயர முகப்பை ஒட்டுப்போடாமல் முழுதாக மூடலாம். ஒட்டு இருப்பின் பின்னிருந்து வரும் ஒளியில் அது கருங்கோடாகத் தெரியும். சட்டத்தைச் சுற்றிலும் இறுக்கிகளால் இழுத்துக் கட்டப்படுவதால் காற்றுக்கு இசைந்து கொடுக்கும். தளர்ந்தால் மீண்டும் இறுக்கலாம். 100 மைக்ரானுக்குக் குறைந்த தடிப்புள்ள பி.வி.சி. பதாகைகள் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளன. பெட்டி முகப்புக்கு அதனினும் தடித்த துணியே உதவும்.

தகடு ஏன் கழன்று விழுகிறது?

அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகள் உடைந்து விழுவதைக் காட்டிலும், சட்டத்தின் காடியிலிருந்து நழுவி விழுவதே கவனிக்கத்தக்கது. இதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, வெப்பத்தால் நிகழும் மாற்றம். அக்ரிலிக் இரும்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு விரிந்து சுருங்கும். வெயிலில் 60 டிகிரி வரை காய்ந்த 2 மீட்டர் தகட்டை அப்படியே அளந்து வெட்டிப் பொருத்தினோம் எனக் கொள்வோம். இடிமழையில் அது 25 டிகிரிக்குக் குளிரும்போது, இரும்புச் சட்டத்தைவிடச் சுமார் 4 மில்லிமீட்டர் கூடுதலாகச் சுருங்கும்.

இரண்டாவது, வளைவு. கண்ணாடியோடு ஒப்பிட்டால், அதே தடிப்புள்ள பிளாஸ்டிக் தகடு இருபது மடங்குக்கும் அதிகமாக வளையும். 2 மீட்டர் தகடு நடுவில் 10 சென்டிமீட்டர் வளைந்தால், அதன் ஓரங்கள் மொத்தம் 13 மில்லிமீட்டர் உள்ளே இழுக்கப்படும்.

கால்பைசாகி வீசும்போது குளிர்ச்சியும் காற்றும் ஒருசேர வருகின்றன. ஆகவே இரண்டையும் கூட்டினால் 17 மில்லிமீட்டர். தகடு தன் எடையால் கீழ்க்காடியில் ஊன்றி நிற்பதால், இக்குறைவு முழுவதும் மேலோரத்திலேயே நேரிடக்கூடும். மேற்காடியில் 12 மில்லிமீட்டர் மட்டுமே நுழைந்திருக்கும் தகட்டின் கதி என்னாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. காடி ஆழமாக இருத்தல் வேண்டும். தகடு விரியவும் இடம் வேண்டும். நடுவே குறுக்குச் சட்டங்கள் தந்து வளைவைக் குறைத்தல் வேண்டும். தகட்டைத் திருகாணியால் இறுக்கி அசையாமற் செய்வது தவறு. துளையிலிருந்தே விரிசல் தொடங்கும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம். 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அளவுகோலையும் எஃகு அளவுகோலையும் 60 டிகிரி வெந்நீரில் சற்றுநேரம் வைத்து, உடனே எடுத்து ஒப்பிட்டால், பிளாஸ்டிக் ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருப்பதைக் காணலாம்.

ஒளியும் ஈரமும் தீயும்

ஒளி சமமாகப் பரவ, முகப்பு ஒளியைச் சிதறடிக்கும் பால்நிறம் உடையதாக இருக்கவேண்டும். விளக்குகளுக்கிடையே உள்ள தூரம், விளக்குக்கும் முகப்புக்கும் உள்ள தூரத்தை மிஞ்சாதிருத்தல் நல்லது. கைவிளக்கின் முன் எண்ணெய்த் தாளைப் பிடித்து மெல்ல விலக்கினால், ஒளிப்புள்ளி கரைந்து பரவுவது விளங்கும்.

கொல்கத்தாவின் ஈரக்காற்று பெட்டிக்குள் நீராகப் படியும். அடிப்பக்கத்தில் வடிதுளைகள் தேவை. பூச்சி புகாதபடி அவற்றுக்கு வலையிடுக.

தீயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1973 ஆகஸ்ட் 2ஆம் நாள் மான் தீவின் சம்மர்லாந்து கேளிக்கை மாளிகையில் அக்ரிலிக் சுவர்களின் வழியே தீ பரவி 50 பேர் மாண்டனர். ஆதலின் சன்னல், படிக்கட்டு, வெளியேறும் வாயில் ஆகியவற்றை ஒட்டி அக்ரிலிக் முகப்பை அமைத்தலாகாது. பி.வி.சி.யும் எரியும்போது நச்சுப்புகை விடும்.

முடிவு

தரையை ஒட்டிய சிறு பலகைக்கு அக்ரிலிக் போதும். கல்லெறி, பந்தடி படக்கூடிய இடத்திற்குப் பாலிகார்பனேட் ஏற்றது. உயரத்தில் காற்றை எதிர்கொள்ளும் பெரும்பலகைக்கு, தடித்த ஃபிளெக்ஸ் துணியோ குறுக்குச் சட்டங்களுடன் கூடிய பாலிகார்பனேட்டோ தக்கது. களப்பணியாளர்கள் ஆண்டுதோறும் பங்குனி மாதத்திலேயே மேற்காடியின் ஆழத்தையும் துணியின் இறுக்கத்தையும் சோதித்து வருவார்களானால், சித்திரைக் காற்று வீசும்போது கீழே நடந்து செல்வோர் அச்சமின்றிச் செல்லலாம்.