மரநிழலிற் பூக்கும் றாஸ்பெரி

நிழலிலே பயிர் ஏறாது என்பது எம்மூர்க் கமக்காரர் யாவரும் அறிந்த செய்தி. கல்லூரித் தோட்டத்திலே கத்தரியும் மிளகாயும் நட்டுப் பழகிய நாளில் நாம் வேப்பமரத்தின் கீழே பாத்தி கட்டினோம். அதனைக் கண்ட ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாது மண்வெட்டியை வாங்கிப் பாத்தியை வெயிலுக்கு மாற்றிக் கட்டினார். அந்தப் பாடத்தை மறந்தமையால் ரொறன்ரோ நகரிலே சில ஆண்டுகளை வீணாக்கினோம்.

எம் வீட்டுக் கோடிப்புறத்தில் நிற்பது நோர்வே மேப்பிள். ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்டு இந்நகரத்து வீதிகளிலும் வளவுகளிலும் பரவலாக நடப்பட்ட மரம் இது. கோடையில் அதன் இலைச்செறிவினூடே வெயில் இறங்குதல் அரிது. வேரோ நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிப் படர்ந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். கீழே புல்லும் முளையாது. எம் வளவு பின்புறமாகச் சரிந்து இறங்குவதால் ஒவ்வொரு பெருமழைக்கும் மண் கரைந்து வேர்கள் வெளித்தோன்றலாயின.

தறித்துவிடலாம் எனின், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்க 30 சதமமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை, அது தனியார் வளவில் நிற்பினும், நகரசபையின் அனுமதியின்றித் தறித்தலாகாது. அன்றியும், ஆடி மாத வெக்கையில் வீட்டைக் குளிர்விப்பதும் அம்மரமே. மண் கொட்டி மேடாக்க நினைத்தோம். வேரின்மேல் மண் குவித்தால் காற்று எட்டாது மரம் மெல்லப் பட்டுப்போகும் என அறிந்து அதனையும் கைவிட்டோம்.

அந்நாளில் எம் அன்னையார் எம்முடன் இருந்தார். சமையலறைச் சாளரத்தினூடே அவ்வெறுந்தரையை நோக்கி, "உது என்ன வளவடா தம்பி, ஒரு பூவும் இல்லை" என்று ஒருநாள் கூறினார். அச்சொல் எம்மைத் தைத்தது. உடனே கடைக்குச் சென்று, உண்ணும் றாஸ்பெரிக் கன்றுகள் நான்கு வாங்கி நட்டோம். அவை இரண்டாண்டு வெளிச்சத்தைத் தேடி நெடுத்து வளைந்து, பிடியளவு பழமேனும் தாராது மடிந்தன. நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலேனும் வேண்டுஞ் செடியை இருளிலே வைத்தது எம் பிழையேயன்றிச் செடியின் பிழையன்று.

பின்னர் ஓர் ஆடி மாதத்தில் நயாகராக் குன்றுச்சரிவின் காட்டுவழியே நடந்து சென்றபோது, மரங்களின் ஓரத்தில், ஆளுயரப் புதரொன்று செவ்வூதா நிறப் பூக்களுடன் நிற்கக் கண்டோம். இலையைப் பார்த்தால் மேப்பிள்; பூவைப் பார்த்தால் ஒற்றையடுக்கு ரோசா. அதுவே ஊதாப்பூ றாஸ்பெரி. 1753ஆம் ஆண்டில் லின்னேயசு இதற்கு ரூபஸ் ஓடோராற்றஸ் எனப் பெயரிட்டார். ஓடோராற்றஸ் என்பதற்கு மணமுடையது என்பது பொருள். றாஸ்பெரியும் பிளாக்பெரியும் அடங்கிய இம்முட்குலத்திற் பிறந்தும் இதற்கு முள் இல்லை. முள்ளுக்குப் பதிலாக இளந்தண்டை மூடிப் பிசுபிசுத்த செந்நிற உரோமங்கள் உண்டு.

இக்குலத்துச் செடிகள் நுவரெலியாப் பகுதி மலைகளிலும் உள்ளமையை அங்கே பணிபுரிந்த அன்பர்கள் அறிவர். ஆயின் குலம் ஒன்றெனினும் குணம் ஒன்றன்று. இமயமலைச் சாரலின் மஞ்சட்பழ றாஸ்பெரி ஹவாய்த் தீவிலே புகுந்து காடுகளை நெருக்கும் பெருங்களையாகிவிட்டது. ஊதாப்பூ றாஸ்பெரியோ வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரியது. கியூபெக், ஒன்ராறியோ முதல் தெற்கே ஜோர்ஜியா வரை தானாக வளர்வது. காட்டோர அரைநிழலே அதன் பிறந்தகம். எனவே அதனை மரத்தின் கீழே வைப்பது அதற்குத் தண்டனையாகாது.

சித்திரை மாதத்தில், நிலத்தின் உறைவு நீங்கியதும், ஆறு கன்றுகளை ஒரு மீற்றர் இடைவெளியில் சரிவின் குறுக்கே நட்டோம். குழி தோண்டுகையில் கைவிரற் பருமனுக்கு மேற்பட்ட மேப்பிள் வேர் எதிர்ப்பட்டால், வேரை வெட்டாது குழியையே நகர்த்தினோம். கூட்டெரு சிறிதளவு இட்டு, இலையுதிர்காலத்துச் சருகை மேலே மூடுபடையாகப் பரப்பினோம். அச்சருகைக் கடதாசிப் பைகளிற் கட்டி வீதியோரம் வைப்பது இங்குள்ளோர் வழக்கம். மண்ணுக்கு வேண்டிய உணவை வெளியே அனுப்பும் அவ்வழக்கம் எமக்கு இன்றும் விளங்கவில்லை. முதலிரு கோடைகளிலும் கிழமைக்கு இருமுறை ஆழ நீர் விட்டோம். நிழலிற் கன்று வாடுவதற்குக் காரணம் இருளினும் வறட்சியே. மேப்பிள் குடித்தபின் எஞ்சும் நீர் அற்பம்.

மூன்றாம் ஆண்டு ஆனியில் முதற்பூ விரிந்தது. அன்னையார் கைத்தடியை ஊன்றி இறங்கி வந்து அதனைப் பறித்துச் சுவாமிப் படத்துக்கு வைத்தார். அவ்வாண்டு ஆவணிவரை வைப்பதற்குப் பூ இருந்தது. அடுத்த கோடையில் அவர் இல்லை.

பழத்தை நம்பி இதனை நடுவோர் ஏமாறுவர். சிவந்து தட்டையாய், விதை மிகுந்து, சாறின்றி இருக்கும். பறவைகளுக்கு அதில் மனக்குறை இல்லை. கடும் நிழலில் பூவும் குறையும். காலையிலோ மாலையிலோ இலைகளினூடே சிறிது ஒளி விழும் இடமே சிறந்தது. எம்மிடத்தில் மேற்கோரத்துச் செடிகள் நிறையப் பூக்க, அடிமரத்தை ஒட்டியவை இலையை மாத்திரம் தருகின்றன. எனினும் அவ்விலைகளின் கீழே வேர் பின்னி மண் நின்றுவிட்டது. இப்பொழுது மழைநீர் சேறாக ஓடுவதில்லை.

உலர்ந்த பழந்தண்டுகளை இளவேனிலில் வெட்டுகையில் நிலமட்டத்தில் வெட்டாது முழங்காலுயரம் விட்டுவைக்க வேண்டும். தண்டின் நடுவேயுள்ள மென்சோற்றைக் குடைந்து சிறிய தச்சுத்தேனீக்கள் கூடு அமைக்கும். அவை எவரையும் நாடிக் கொட்டுவதில்லை.

இச்செடியின் பெருங்குற்றம் ஒன்றுண்டு. நிலத்தடியே ஓடிப் பக்கக்கன்று ஈனும். ஐந்தாம் ஆண்டில் வேலிக்கு அப்பால் அயலவரின் புற்றரையிலே மூன்று கன்றுகள் தலைகாட்டின. அரையடி நிலத்துக்காக வழக்காடித் தோட்டத்தையே விற்றோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நாம் அன்றே சென்று மன்னிப்புக் கேட்டுக் கன்றுகளைப் பிடுங்கினோம். பின்னர் வேலியோரம் ஓரடி ஆழச் சால் வெட்டித் தடித்த பிளாத்திக்குத் தகட்டைப் புதைத்தோம். ஆண்டுக்கொருமுறை மண்வெட்டியுடன் சுற்றிவரப் பொறுமையில்லாதோர் இதனை நடாதிருத்தல் நன்று. பிடுங்கிய மூன்றில் ஒன்றை அவ்வயலவரே கேட்டு வாங்கித் தொட்டியில் வைத்துக்கொண்டார்.

காட்டிலும் பொதுப்பூங்காவிலும் தோண்டி எடுத்தல் கூடாது. உள்ளூர்த் தாவரங்களை விற்கும் நாற்றுமேடைகளில் வாங்கலாம். எம் வளவிலும் ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து கன்றுகள் மிகுகின்றன. இந்நகரிலுள்ள பழைய மாணவருள் வேண்டுவோர் சித்திரையிலே ஒரு சாக்குடன் வருக. மண்வெட்டி எம்மிடம் உண்டு.