சீனக்குடாக் குதங்களும் இக்கரையில் இருக்கும் நாமும்

பழைய தொழில் நகரங்களின் மீளெழுச்சி என்றதும் பலரும் ஸ்பெயினின் பில்பாவோ நகரைச் சொல்வார்கள். இரும்பாலும் கப்பல் கட்டுதலாலும் வாழ்ந்த அந்நகரம் 1980களில் நொடிந்து போனது. இன்று 1997-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தால் அது உலகப் புகழ் பெற்றிருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே அங்கு ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். 1995-இல் நகர ரயிலும் ஓடியது. மக்கள் வேலைக்குப் போய்வர வழி செய்ததையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

நமது பில்பாவோ கொட்டியாரக்குடாவுக்கு அப்பால், சீனக்குடாவில் இருக்கிறது. போர்க் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய காலத்தில், ஆழமான இயற்கைத் துறைமுகத்தைக் கண்ட ஆங்கிலேயர் அங்கே பிரமாண்டமான எண்ணெய்க் குதங்களைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு குதம் அழிந்தது. 1957-இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தது. கப்பற்படை போனபின் அத்தனை எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை? பெரும்பாலான குதங்களைக் காடு மூடிக்கொண்டது.

2003-இல் லங்கா ஐஓசி வந்தபோதும் ஒரு சில குதங்களே பயன்பட்டன. 2022 ஜனவரியில்தான் 99 குதங்களும் பங்கிடப்பட்டன: லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. அதே ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நம் வாப்பாமார் இரவு பகலாக நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். குதம் இருந்து என்ன, வாங்கி நிரப்ப நாட்டிடம் டொலர் இருக்கவில்லை. விலை குறையும்போது வாங்கிச் சேமிப்பதற்குத்தான் குதம். அதற்கும் கையில் காசு வேண்டும்.

இக்கரையிலும் மாற்றம் வருகிறது. சம்பூர் மக்கள் 2006-இல் இடம்பெயர்ந்தார்கள். அவர்களது காணிகள் தொழில் வலயத்துக்கென எடுக்கப்பட்டு, 2015-இல்தான் விடுவிக்கப்பட்டன. அங்கு திட்டமிட்ட 500 மெகாவொட் அனல்மின் நிலையம் 2016-இல் கைவிடப்பட்டது. இப்போது வருவது 120 மெகாவொட் சூரியசக்தி நிலையம். 2025 ஏப்ரலில் அதன் தொடக்க விழா நடந்தது. புகையும் சாம்பலும் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் கட்டி முடிந்தபின் சூரியசக்தி நிலையத்துக்கு அதிகம் ஆட்கள் தேவைப்படுவதில்லை. இதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

அக்கரைக்குப் போகும் வழி ஏற்கெனவே திறந்துவிட்டது. 2009-இல் கிண்ணியாப் பாலமும் 2011-இல் மூதூர் வீதிப் பாலங்களும் வந்தபின், திருகோணமலைக்குப் போக வள்ளத்தையும் காற்றையும் நம்பியிருந்த காலம் போய்விட்டது. பில்பாவோவுக்கு ரயில் செய்ததை நமக்குப் பாலங்கள் செய்திருக்கின்றன. இனி அந்தப் பாலங்களைத் தாண்டி வேலைக்குப் போவது யார்? குதங்களைத் திருத்தத் தொடங்கினால் காய்ச்சி ஒட்டுபவர், மின்னியலாளர், குழாய் பொருத்துபவர் எல்லாரும் தேவை. நம் ஊரில் அவர்களைப் பயிற்றாவிட்டால் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருவார்கள்.

“இதெல்லாம் ஆம்பிளைகள்ட வேலை” என்று என் உம்மம்மா சொல்வார். குதத்தில் இறங்கும் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா, அடர்த்தி சரியா என்று ஆய்வுகூடத்தில் சோதிக்கும் வேலையும் அங்கே உண்டு என்று அவருக்கு விளக்கினேன். அடர்த்தி அளப்பதை நாங்கள் செய்முறைப் பாடத்திலேயே செய்கிறோம். “அப்ப பஸ் எத்தனை மணிக்கு?” என்றுதான் அடுத்துக் கேட்டார்.