எரிந்த வீட்டை வாங்கும் முன்

சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கம் தோட்டத்தை விட்டு வந்து, கையில் கொஞ்சம் சேமிப்போடு இருக்கும் நம்மவர்களிடம் தரகர்கள் சொல்வது இதுதான்: "தீப்பிடித்த வீடு, பாதி விலை. சாயம் பூசி விற்றுவிடலாம்." சாயம் கரியை மறைக்கும். வெந்துபோன காங்கிரீட்டுக்கு அது வலு தராது.

சிறு சுத்தியலோடு உள்ளே போங்கள். எரிந்த அறையின் தூணைத் தட்டினால் கணீரென்று கேட்கிறதா, பொத்தென்று கேட்கிறதா? பூச்சு உதிர்ந்த இடத்தில் காங்கிரீட் இளஞ்சிவப்பாகியிருந்தால், அங்கே வெப்பம் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கக்கூடும். கம்பி ஆறினால் ஓரளவு வலு திரும்பும், காங்கிரீட்டுக்குத் திரும்பாது. நிறம் மாறவில்லை என்பதற்காக நிம்மதி அடையவும் வேண்டாம். பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது. பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் நீங்களே உடைக்காதீர்கள், காய்ந்த தூளைப் பெருக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

ஆனால் சுவரைவிட முதலில் பார்க்க வேண்டியது நிலப்பட்டா. மாவட்ட நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்யுங்கள். கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் நிறைய உண்டு. அதை நாம் வாங்க முடியாது. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்த குடும்பம்கூட அதை விற்க முடியாது என்பது மனத்தை அறுக்கும் உண்மை. தோட்டத்தை ஒட்டிய சில வீடுகள் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் நிற்பவை. நிலச் சட்டத்தின் 68ஆம் பிரிவுப்படி அந்த உரிமத்தைக் கைமாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுப்பவர் சாம்பலைத்தான் வாங்குகிறார்.

வங்கி ஏலத்தில் வாங்குவதானால், வீடு இருக்கும் நிலையிலேயே விற்கப்படும். பின்னால் குறை கண்டுபிடித்து வங்கியிடம் போய் நிற்க முடியாது. நிலச் சட்டப்படி நடக்கும் ஏலத்தில் ஒதுக்கு விலையில் 10 விழுக்காடு முன்பணம், மீதியை 120 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும். எரிந்த வீட்டுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கும் என்பதால், ஏலத்துக்குப் போகும் முன்பே கடன் பேச்சை முடியுங்கள். உள்ளே யாராவது குடியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்றவும் முடியாது.

சுவர், கூரையில் கைவைக்க நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். மின்கம்பிகளை முழுதாக மாற்றுங்கள், அதையும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரைக் கொண்டு செய்யுங்கள். எல்லா ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். 3 ஆண்டுக்குள் விற்றால் நிலச் சொத்து ஆதாய வரி 30 விழுக்காடு. புதுப்பித்த செலவை ஆதாயத்தில் கழித்துக் காட்ட ரசீதுதான் சான்று.

குத்தகையாளர் பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டால்? குடியிருக்க வாங்கிய வீடானால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு அந்த வழி இல்லை. அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே வேலை முடிய முடியப் பணம் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.