குதிரையும் துப்பாக்கியும் போதுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் வானத்தின் ஓரத்தில் நீலமாய்ப் படுத்திருக்கிறது கல்வராயன் மலை. 'கௌபாய் படம்' என்றால் தொப்பியும் குதிரையும் அமெரிக்கப் பாலைவனமுந்தான் என்று எண்ணும் நேயர்கள், இந்த மலையைச் சற்று மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

இவ்வகைக் கதைகளின் உயிர் தொப்பியில் இல்லை. சட்டம் எட்டாத ஒரு சீமை. அங்கே வலுத்தவன் வைத்ததே நியாயம். அவனை எதிர்க்கத் துணிந்த ஒருவன் – இதுவே உயிர். தமிழில் இத்தகைய படங்களுக்குப் பேர் வாங்கித் தந்தவர் காமிரா நிபுணர் ஸ்ரீ கர்ணன். ஜெய்சங்கரைக் குதிரையேற்றி 1970-இல் 'காலம் வெல்லும்', 1972-இல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று படம் பிடித்தார்.

அந்த நினைவுக்கு மரியாதை செய்வதுபோல் 2010-இல் வந்தது, ஸ்ரீ சிம்புதேவன் டைரக்ட் செய்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்'. அடிமைப்பட்ட ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம். அடக்கியாளும் ஊர் உசாபுரம். இந்தப் 'உசா'வை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தால் குறும்பு விளங்கும்! தூக்குக்குப் போக இருந்த சிங்காரம், மறைந்த வீரன் ஒருவனின் சாயலில் இருப்பதால் மீட்கப்பட்டு, அவனாகவே நடிக்க வைக்கப்படுகிறான். சிங்காரமாக லாரன்ஸும், கொடுங்கோலன் கிழக்குக்கட்டையாக நாஸரும் நடித்திருக்கிறார்கள். சுதந்திரம் என்ற பெரிய விஷயத்தை நகைச்சுவையில் குழைத்துக் கொடுத்த துணிவுக்கு ஒரு சபாஷ்!

ஆனால் குறைகளும் உண்டு. எடுத்ததற்கெல்லாம் கேலி செய்தால் ஆபத்தில் அச்சம் தோன்றாது. அச்சமில்லாத இடத்தில் வீரத்துக்குப் பெருமை ஏது? அதைவிடப் பெரிய குறை, இறகு சூடிப் புரியாத பாஷை பேசும் ஒரு காட்டுக் கூட்டத்தை வெறும் சிரிப்புக்காகப் புகுத்தியிருப்பது. அமெரிக்கர்கள் தங்கள் பூர்வகுடிகளுக்குச் செய்த அநீதியை நாமும் கடன் வாங்க வேண்டுமா?

கொரியாக்காரர்கள் இதே கடனை வேறு விதமாகத் தீர்த்தார்கள். கிம் ஜி-வூன் 2008-இல் எடுத்த படம், 'நல்லவன், கெட்டவன், விசித்திரமானவன்'. பெயரும் பாணியும் இத்தாலியர் ஸெர்ஜியோ லியோனி 1966-இல் எடுத்த படத்திலிருந்து வந்தவை. களம் மட்டும் 1930-களின் மஞ்சூரியா. கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானியருக்கு அடிமைப்பட்டிருந்தது. நாடிழந்து அந்த வெளியில் அலையும் மூவர் ஒரு புதையல் படத்துக்காக ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். ரயில் கொள்ளையும், ஜப்பானியப் பட்டாளம் பின்தொடர நடக்கும் நெடும் துரத்தலும் மூச்சை அடைக்கின்றன. விசித்திரமானவனாக வரும் ஸாங் காங்-ஹோ, கொஞ்சம் நிலமும் ஒரு வீடும் வேண்டும் என்று ஏங்கும்போது, சிரித்துக்கொண்டிருந்த நமக்கு நெஞ்சு கனக்கிறது.

இப்படத்திலும் பழுது இல்லாமலில்லை. கதை பல கும்பல்களுக்கிடையே சிக்கிக் குழம்புகிறது. சுடுவது ஓய்வதேயில்லை. பெண்களுக்கு இடமே இல்லை. ஆயினும் மண் அவர்களுடையது, வேதனையும் அவர்களுடையது.

இப்போது கல்வராயன் மலைக்குத் திரும்புவோம். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் ஆதிக்கத்தில் இருந்தது அது. மலையாளிகள் என்று பெயர் பெற்ற, தமிழ் பேசும் மலைவாசிகள் அங்கே ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்தார்கள். கீழே 1947-இல் கொடியேறியும், மேலே ஜாகீர் ஆட்சி ஒழிய 1976 ஆயிற்று. சட்டம் எட்டாத சீமைக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

பட முதலாளிகளுக்கு நமது வேண்டுகோள் இதுதான். குதிரையையும் துப்பாக்கியையும் எங்கிருந்து வேண்டுமானாலும் தருவித்துக்கொள்ளுங்கள். கதைக்கு மட்டும் ஒரு முறை வெள்ளிமலைக்கு ஏறிப் போய், அங்குள்ள முதியவர்களின் வாயால் கேளுங்கள். அவர்களைக் கோமாளியாக்காமல் கதாநாயகர்களாக்கிப் படம் பிடித்தால், முதல் டிக்கெட் நாமே வாங்குவோம்.