எதிரொலிப் பெட்டி: எதை வாங்கலாம்?

மலைக்கு எதிரே நின்று, "ஓ!" என்று கூப்பிடுங்கள். சற்றுப் பொறுத்து மலையும், "ஓ!" என்று கூப்பிடும்.

அது உங்கள் குரல்தான். ஆனால் கொஞ்சம் மங்கலாக இருக்கும். அடுத்த தடவை இன்னும் மங்கும். பிறகு தேய்ந்து மறைந்துவிடும்.

கிதார் வாசிப்பவர்களுக்கு இந்த எதிரொலி என்றால் உயிர். அதற்காக மலையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வர முடியுமா? அந்தக் குறையைப் போக்கத்தான் எதிரொலிப் பெட்டி பிறந்தது.

இப்போது அந்தப் பெட்டி உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. காலால் மிதித்து இயக்குவதால் அதற்குப் "பெடல்" என்று பெயர். அதில் அனலாக், டிஜிட்டல் என்று இரண்டு வகை உண்டு.

பழைய இசைத்தட்டுகளில் கேட்ட அதே எதிரொலி வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுகிறார். கையில் இருப்பதோ ஒரே ஒரு பெட்டிக்கான பணம். எதை வாங்குவது?

பழைய கதை தெரிந்தால் பதில் தானே கிடைக்கும்.

லாரி டிரைவர் பாடினார்

அமெரிக்காவில் மெம்பிஸ் நகரம். அங்கே "சன்" என்று ஒரு சிறிய இசைத்தட்டுக் கம்பெனி.

1954-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி அங்கே ஒரு வாலிபர் பாடினார். வயது 19. லாரி ஓட்டிப் பிழைத்தவர். அவர் பெயர் எல்விஸ் பிரஸ்லி! அவருக்குக் கிதார் வாசித்தவர் ஸ்காட்டி மூர்.

கம்பெனி முதலாளி சாம் பிலிப்ஸ் ஒரு தந்திரம் கண்டுவைத்திருந்தார். பாட்டைப் பதிவு செய்யும்போதே, அதை இரண்டாவது டேப் ரிக்கார்டர் ஒன்றிலும் ஓட விடுவார். அது சற்றுப் பிந்தித் திருப்பிப் பாடும். அந்தப் பிந்திய ஒலியை முதல் ஒலியோடு கலந்துவிடுவார்.

அது ஏன் பிந்துகிறது? டேப்பில் பதிவு செய்யும் பாகத்துக்கு "ஹெட்" என்று பெயர். திருப்பிப் பாடுவதற்கு இன்னொரு ஹெட். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2 அங்குல இடைவெளி. டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடும். ஆகவே 2 அங்குலத்தைக் கடக்க, சுமார் எட்டில் ஒரு பங்கு நொடி பிடிக்கும்.

சுமார் 70 அடி தூரத்தில் உள்ள சுவரில் ஒலி மோதித் திரும்பவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். சிறிய அறையில் பாடிய பாட்டு, பெரிய மண்டபத்தில் பாடியது போல் ஆகிவிட்டது!

மேடைக்கு வந்த எதிரொலி

ஸ்காட்டி மூருக்கு ஒரு கவலை. இசைத்தட்டில் கேட்ட ஒலி மேடையிலும் வேண்டும். ஆனால் டேப் எந்திரங்கள் கம்பெனியில் அல்லவா இருக்கின்றன?

இல்லினாய் மாநிலத்தில் கெய்ரோ என்ற ஊரில், ரே பட்ஸ் என்பவர் இதற்கு வழி செய்திருந்தார். கிதாரின் ஒலிபெருக்கிக்குள்ளேயே டேப் எந்திரத்தை வைத்துக் கட்டியிருந்தார். அதன் பெயர் "எக்கோசானிக்". 1955-ம் ஆண்டு ஸ்காட்டி மூர் அதில் ஒன்றை வாங்கினார். அவர் போன மேடைக்கெல்லாம் எதிரொலியும் கூடவே போயிற்று.

பிறகு தனிப் பெட்டிகள் வந்தன. 1958-ல் லண்டனில் சார்லி வாட்கின்ஸ் "காப்பிகேட்" பெட்டியை விற்றார். அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து மைக் பேட்டில் அமைத்த "எக்கோபிளெக்ஸ்" 1959-ல் வந்தது. இத்தாலியின் மிலான் நகரத்து "பின்சன்" பெட்டியில் டேப்புக்குப் பதில் ஒரு காந்தச் சக்கரம் சுழன்றது.

குறையே அழகு

டேப் பெட்டியில் தொல்லைகள் அதிகம். டேப் தேயும், சில சமயம் அறுந்துபோகும். ஹெட்டைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் ஒரே சீராக ஓடாது. அதனால் ஒலி லேசாக ஆடும். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் கூர்மை குறையும்.

ஆனால் ரசிகர்கள் அந்த ஆட்டத்தையும் மங்கலையும்தான் விரும்பினார்கள்! காரணம் இருக்கிறது. எதிரொலி மங்கலாக இருந்தால், வாசிப்பவரின் அடுத்த சுரத்தை அது மறைக்காது. பின்னால் ஒதுங்கி நின்று துணை செய்யும்.

கைமாறும் வாளி

டேப் இல்லாமல் எதிரொலி உண்டாக்க முடியுமா? 1969-ல் ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் கம்பெனி நிபுணர்கள் சாங்ஸ்டர், டீர் இருவரும் முடியும் என்று காட்டினார்கள்.

ஒரு வீட்டில் தீப்பிடித்துவிட்டது. ஊரார் கிணற்றிலிருந்து வீடு வரை வரிசையாக நின்று, வாளித் தண்ணீரைக் கைக்குக் கை மாற்றுகிறார்கள். முதல் ஆளிடம் வாங்கிய தண்ணீர் கடைசி ஆளிடம் போய்ச் சேரச் சற்று நேரம் ஆகும் அல்லவா? அதே முறைதான் இது. சின்னஞ்சிறு சிப்புக்குள் கிதாரின் ஒலி மின்சாரமாக, ஆயிரக்கணக்கான படிகளில் கைமாறிப் போகிறது. இதற்கு "வாளி வரிசை" என்றே பெயர் வைத்தார்கள். இதுதான் அனலாக் பெடல்.

வாளி கைமாறும்போது தண்ணீர் சிந்தும். இங்கேயும் ஒலியின் கூர்மை கொஞ்சம் போகும். சிப்பின் இரைச்சலை வடிகட்டும்போது இன்னும் கொஞ்சம் போகும். நேரத்தை நீட்ட நீட்ட மங்கல் கூடும்.

1981-ல் வந்த "பாஸ் டி.எம்.2" என்ற ஜப்பான் பெடல், அதிகபட்சம் 0.3 நொடிதான் எதிரொலியைப் பிந்தச் செய்யும். ஆனாலும் அதன் குழைவான ஒலிக்கு ஆசைப்பட்டவர்கள் ஏராளம்.

எண்ணாக மாறிய ஒலி

1983-ல் அதே கம்பெனி "டி.டி.2" என்ற டிஜிட்டல் பெடலைக் கொண்டுவந்தது. டிஜிட்டல் பெடல் ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து, எண்களாக மாற்றி நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு திருப்பிச் சொல்லும். எண் தேயாது. எதிரொலி தெளிவாக வரும். 0.8 நொடி வரை பிந்த வைக்கவும் முடிந்தது.

சிலருக்கு இந்தத் தெளிவே பிடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து வாசிப்பது போல் இருக்கிறது என்றார்கள்.

டிஜிட்டல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1999-ல் வந்த "லைன் 6 டி.எல்.4" பெடல், பழைய எந்திரங்களைப் போலப் பேசிக் காட்டியது. 2010-ல் வந்த "எல் காபிஸ்டான்", டேப்பின் தேய்மானத்தையும் ஆட்டத்தையும் கூடக் கணக்குப் போட்டு உண்டாக்கியது. குறையில்லாத எந்திரம், குறையைப் பாடம் படித்தது!

எதை வாங்குவது?

ஆகவே பெட்டியின் மேல் எழுதியிருப்பது அனலாக்கா, டிஜிட்டலா என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்தப் பாட்டின் ஒலி வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

எல்விஸ் காலத்து ஒலி வேண்டுமா? நேரம் சுமார் 0.13 நொடி, ஒரே ஒரு எதிரொலி. சாதாரண அனலாக் பெடல் போதும்.

1960-ல் "அப்பாச்சி" என்ற இசைத்தட்டில் ஹாங்க் மார்வின் வாசித்த ஒலி வேண்டுமா? அவருடைய இத்தாலிய எந்திரத்தில் பல ஹெட்டுகள் இருந்தன. எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி வரும். சாதாரண அனலாக் பெடலால் அது ஆகாது. பல ஹெட்டுகளின் ஒலி தரும் டிஜிட்டல் பெடலே நல்லது.

நீண்டு தேய்ந்து மறையும் மங்கல் ஒலி வேண்டும் என்றால் அனலாக். ஒவ்வொரு சுரமும் பிசிறில்லாமல் திரும்ப வேண்டும் என்றால் டிஜிட்டல்.

கடையிலேயே சோதிக்கலாம்

பெரும்பாலான பெடல்களில் மூன்று குமிழ்கள் முக்கியம். ஒன்று நேரத்துக்கு, ஒன்று எத்தனை தடவை திரும்ப வேண்டும் என்பதற்கு, ஒன்று எதிரொலியின் பலத்துக்கு.

நேரத்தையும் தடவையையும் கூட்டி வையுங்கள். ஒரே ஒரு சுரம் மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முதல் எதிரொலியைக் கேட்டு மயங்க வேண்டாம். ஐந்தாவது, ஆறாவது எதிரொலியைக் கவனியுங்கள். பெட்டியின் உண்மைக் குணம் அங்கேதான் தெரியும்.

பிறகு வேகமாக ஒரு பாட்டு வாசியுங்கள். உங்கள் வாசிப்பை எதிரொலி அமுக்குகிறதா? அப்படியானால், எவ்வளவு புகழ்பெற்ற பெட்டியாக இருந்தாலும் அது உங்களுக்கு வேண்டாம்.

எதிரொலி என்பது பதில் குரல். மலையாக இருந்தாலும் பெட்டியாக இருந்தாலும், முதலில் கூப்பிட வேண்டியவர் மனிதர்தான்!